காப்பீட்டுப் பணமும் அரசுப் பத்திரமும்: பெரம்பலூர், அரியலூர் பின்னணியில் ஓர் ஆய்வு

இந்தியாவில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் பாலிசிதாரர்களிடம் திரட்டிய நிதியில் குறைந்தது 25 சதவீதத்தை மத்திய அரசின் கடன் பத்திரங்களில் வைத்திருக்க வேண்டும். அதையும் சேர்த்து, மொத்தம் 50 சதவீதமாவது மத்திய அரசு, மாநில அரசு, அல்லது ‘பிற அங்கீகரிக்கப்பட்ட பத்திரங்கள்’ என்று சட்டம் குறிப்பிடும் வகைகளில் இருக்க வேண்டும். கம்பெனிப் பங்குகளும் கம்பெனிக் கடன் பத்திரங்களும் மீதிப் பாதியில்தான் வரும். அதிலும், கட்டுப்பாடு தளர்ந்த ‘இதர முதலீடுகள்’ 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒருவர் எண்டோமென்ட் பாலிசிக்குப் பிரீமியம் கட்டினால், கமிஷனும் நிர்வாகச் செலவும் போக நிதியில் சேரும் தொகையில் குறைந்தது பாதி இந்த விதியின்படி அரசுக்குக் கடனாகப் போகிறது.

எந்த அரசுக்கு என்பதில்தான் சிக்கல். டெல்லி அரசு, சென்னை அரசு, அரசு நடத்தும் சிமென்ட் கம்பெனி, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், மின்வாரியத்தின் வழிவந்த நிறுவனங்கள், நகராட்சி ஆகிய எல்லாமே பேச்சுவழக்கில் ‘கவர்மென்ட்’தான். காப்பீட்டுச் சட்டம் இவற்றை ஒரே தட்டில் வைப்பதில்லை. பத்திரத்தை வெளியிடுபவர் யார் என்பதைவிட, பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பை யார் ஏற்றிருக்கிறார் என்பதையே அது பார்க்கிறது. விதியின் மற்ற நுணுக்கங்கள் இதிலிருந்து கிளைக்கின்றன.

சட்டம் பிறந்த கதை

இந்த விதியின் வேர் 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம். அதன் 27ஆம் பிரிவு தொடக்கத்தில் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் 55 சதவீதத்தை அரசுப் பத்திரங்களிலும் அங்கீகரிக்கப்பட்ட பத்திரங்களிலும் வைக்கச் சொன்னது. 1950ஆம் ஆண்டுத் திருத்தம் இதை 50 ஆக்கி, மீதிக்கும் வரம்பு கட்டியது. 25, 50, 15 என்று இன்று புழங்கும் எண்கள் பெரும்பாலும் அந்தத் திருத்தத்தின் வாரிசுகள்.

விதி இருந்தும் பணம் போனது. அரியலூரிலிருந்து தென்மேற்கே, அதே சுண்ணாம்புக்கல் படுகையில், அன்றைய ஒருங்கிணைந்த திருச்சி மாவட்டத்துக்குள் இருந்த ஊர் கல்லக்குடி. 1939இல் அங்கே தொடங்கிய டால்மியா சிமென்ட் ஆலையால் ஊர் டால்மியாபுரம் ஆனது. 1953இல் அந்தப் பெயரை எதிர்த்து மு. கருணாநிதி நடத்திய மறியல் தமிழக அரசியல் வரலாற்றில் தனி அத்தியாயம். அதே டால்மியா குழுமத்தின் தலைவர் ராமகிருஷ்ண டால்மியா, பாரத் இன்ஷூரன்ஸ் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தலைவராக இருந்தார். அந்த நிறுவனத்தின் பணத்தில் சுமார் 2.2 கோடி ரூபாய் பங்குச் சந்தைச் சூதாட்டத்துக்குத் திருப்பிவிடப்பட்டதை 1955 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் எழுப்பினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், டால்மியாவுக்குச் சிறைத் தண்டனையில் முடிந்தது. டால்மியாபுரம் ஆலைக்கு இந்த வழக்கில் தொடர்பில்லை. அந்தத் தொழில் பின்னாளில் சகோதரர் ஜெய்தயாள் வழியினரிடம் போனது.

விதியைப் படிப்பவர் இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. எடுக்கப்பட்ட பணம் பத்திரங்கள் வாங்கச் செலவானதாகக் கணக்கில் காட்டப்பட்டிருந்தது. சதவீதத்தை மட்டும் சரிபார்க்கும் அதிகாரிக்கு ஏடு சுத்தமாகவே தெரிந்திருக்கும். பத்திரம் உண்மையில் யார் கையில் இருக்கிறது என்று கேட்டிருந்தால்தான் பிடிபட்டிருக்கும். அரசுப் பத்திரங்கள் இப்போது காகிதமாக இல்லாமல் ரிசர்வ் வங்கியின் மின்னணுக் கணக்கில் பதிவாக இருப்பதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒரு பாதுகாவலரிடம் முதலீடுகளை ஒப்படைப்பதும், நடக்க நடக்கவே தணிக்கை செய்வதும் இந்த ஓட்டையை அடைப்பவை. சதவீத விதிகளைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. ஆனால் பாலிசிதாரரை உண்மையில் காத்தவற்றில் இந்தச் சலிப்பூட்டும் ஏற்பாடுகளுக்கே முதலிடம் தர வேண்டும்.

டால்மியா விவகாரம் வெடித்த சில வாரங்களில், 1956 ஜனவரி 19 அன்று, அவசரச் சட்டத்தின் மூலம் ஆயுள் காப்பீட்டுத் தொழில் அரசு வசமானது. நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் அதை வானொலியில் அறிவித்தார். 154 இந்திய நிறுவனங்களும் 16 அயல்நாட்டு நிறுவனங்களும் 75 சேமநலச் சங்கங்களும் இணைந்து, செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. எல்.ஐ.சி. சட்டத்தின் 37ஆம் பிரிவு, பாலிசித் தொகைக்கும் போனசுக்கும் மத்திய அரசே உத்தரவாதம் என்கிறது. நாட்டுடைமைக்குப் பிறகும் சர்ச்சை ஓயவில்லை. 1957இல் கல்கத்தா வணிகர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் 1.25 கோடி ரூபாய்க்கு எல்.ஐ.சி. வாங்கியது. நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். இந்தக் கொள்முதல் 50 சதவீத விதியை மீறவே இல்லை. அரசுப் பத்திரங்களுக்கு வெளியே, நிறுவனம் தன் விருப்பப்படி முதலீடு செய்யச் சட்டம் விட்டிருந்த இடத்தில்தான் அது நடந்தது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் அரசின் பிடி இறுகியது. எல்.ஐ.சி. புதிதாகத் திரட்டும் பணத்தில் நான்கில் மூன்று பங்கு அரசுப் பத்திரங்களுக்கும் குடிநீர், மின்சாரம், வீட்டுவசதி போன்ற சமூகத் துறைகளுக்கும் போக வேண்டும் என்ற நிலை வந்தது. காப்பீட்டுத் துறைச் சீர்திருத்தம் பற்றி 1994இல் அறிக்கை தந்த மல்ஹோத்ரா குழு, 75 சதவீதத்தை 50 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தை உருவாக்கித் தனியாருக்கு வழிவிட்டது. முதலீட்டு விதிகளை ஆணையமே 2000இல் வகுத்து, 2016இல் திருத்தி, 2024இல் கணிப்பியல், நிதி, முதலீடு மூன்றையும் சேர்த்த ஒரே ஒழுங்குமுறையாகத் தொகுத்தது.

எது அரசுப் பத்திரம்?

அங்கீகரிக்கப்பட்ட பத்திரம் எது என்பதைச் சட்டத்தின் 2(3) பிரிவு சொல்கிறது. மத்திய, மாநில அரசுகளின் பத்திரங்கள் முதலில் வருகின்றன. அசலுக்கும் வட்டிக்கும் முழுமையாக அரசு உத்தரவாதம் தந்த பிறரின் பத்திரங்கள் அடுத்து. மாகாணத் தலைநகரங்களாக இருந்த சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகியவற்றின் துறைமுகப் பொறுப்புக் கழகங்களும் மாநகராட்சிகளும் சட்டப்படி வெளியிடும் கடன் பத்திரங்களும் இதில் சேரும்.

அரியலூரில் உள்ள ஓர் ஆலையை வைத்து இந்த வரையறையைச் சோதிக்கலாம். தமிழ்நாடு சிமென்ட்ஸ் கார்ப்பரேஷன், அதாவது டான்செம், முழுக்க மாநில அரசுக்குச் சொந்தமானது. 1979இல் அரியலூரில் ஆலை தொடங்கியது. அண்மையில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் திறனுள்ள புதிய ஆலையையும் அங்கே அமைத்தது. இந்தக் கம்பெனி ஒரு கடன் பத்திரம் வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். காப்பீட்டு நிறுவனம் அதை வாங்கினால் 50 சதவீதக் கணக்கில் சேருமா? முதலாளி அரசு என்பதால் மட்டும் சேராது. கம்பெனிச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒரு கம்பெனியின் கடன் அது. கம்பெனி நொடித்தால் பங்குதாரரான அரசு தன் பங்குத் தொகையை இழக்கும், அதற்கு மேல் கடனை அடைக்கும் கடமை அதற்கில்லை. மாநில அரசு தனியே ஓர் ஆணை பிறப்பித்து, அசலையும் வட்டியையும் தானே தருவதாக உறுதி சொன்னால் நிலைமை தலைகீழாகும். அதே கம்பெனி, அதே ஆலை, அதே சுண்ணாம்புக்கல் சுரங்கம். அரசாணை ஒன்றினால் பத்திரம் அரசுப் பத்திரத்துக்கு அடுத்த படியில் ஏறி உட்கார்ந்துவிடும். உத்தரவாதம் பாதிக்கு மட்டும் என்றால் ஏறாது.

அதே மாவட்டத்தில் ரெட்டிப்பாளையத்தில் அல்ட்ராடெக், கோவிந்தபுரத்தில் ராம்கோ, கீழப்பழுவூரில் செட்டிநாடு, தளவாயில் இந்தியா சிமென்ட்ஸ் என்று தனியார் ஆலைகள் வரிசையாக உள்ளன. இவற்றின் கடன் பத்திரங்களையும் காப்பீட்டு நிறுவனம் வாங்கலாம். ஆனால் அவை ‘அங்கீகரிக்கப்பட்ட முதலீடு’ என்ற வேறு பெட்டியில் விழும். டபுள் ஏ அல்லது அதற்கு மேற்பட்ட தர மதிப்பீடு தேவை. ஒரு கம்பெனிக்கு இவ்வளவு, ஒரு குழுமத்துக்கு இவ்வளவு, ஒரு தொழிலுக்கு 15 சதவீதம் என்று உச்சவரம்புகளும் உண்டு. 2024 டிசம்பரில் இந்தியா சிமென்ட்ஸை அல்ட்ராடெக் கையகப்படுத்தியதும், தளவாய் ஆலையும் ரெட்டிப்பாளையம் ஆலையும் ஒரே குழுமக் கணக்கில் வந்துவிட்டன. இரண்டிலும் தனித்தனியே பணம் போட்டிருந்த ஒரு காப்பீட்டு நிறுவனம் அன்று முதல் அவற்றைக் கூட்டிப் பார்த்தாக வேண்டும். டான்செம்மின் உத்தரவாதமுள்ள பத்திரத்துக்கோ மாநில அரசின் சொந்தப் பத்திரத்துக்கோ இப்படிப்பட்ட வரம்பு இல்லை. அரசு என்றால் அளவில்லை என்ற இந்த ஏற்பாடு விதியின் வலுவா பலவீனமா என்பது, உத்தரவாதம் தரும் அரசின் கஜானாவைப் பொறுத்தது.

மாநில அரசு கணக்கில்லாமல் உத்தரவாதம் எழுதித் தர முடியாது. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம், நிலுவையிலுள்ள உத்தரவாதங்களுக்கு மாநில வருவாயையும் மொத்த உற்பத்தியையும் அளவுகோலாக வைத்து வரம்பு கட்டியிருக்கிறது. இந்த வரம்பைக் காப்பீட்டு ஆணையம் போடவில்லை, சட்டமன்றம் போட்டது. ஆனாலும் பாலிசிதாரரின் பாதுகாப்பு அதையும் சார்ந்தே இருக்கிறது.

கிணற்றுக்கு வந்த கடன்

உத்தரவாதப் பத்திரம் என்பது ஏட்டுச் சமாச்சாரம் அல்ல. மானாவாரி வட்டாரங்களின் வேளாண் வரலாற்றில் அதற்கு நேரடிப் பங்கு உண்டு. 1929இல் சென்னையில் கூட்டுறவு மத்திய நில அடமான வங்கி தொடங்கியது. நாட்டில் அவ்வகையில் அதுவே முதல். விவசாயி தன் நிலத்தை உள்ளூர் நில அடமான வங்கியில் அடமானம் வைத்து நீண்ட காலக் கடன் வாங்குவார். உள்ளூர் வங்கி அந்த அடமானத்தைச் சென்னை வங்கிக்கு மாற்றி எழுதித் தரும். சென்னை வங்கி, சேர்ந்த அடமானங்களின் பேரில் கடன் பத்திரம் வெளியிடும். அசலுக்கும் வட்டிக்கும் மாகாண அரசு உத்தரவாதம் தரும். கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் அடமானங்களுக்குப் பொறுப்பாளராக இருப்பார். அரசு உத்தரவாதம் இருந்ததால் அவை அங்கீகரிக்கப்பட்ட பத்திரங்கள் ஆயின. காப்பீட்டு நிறுவனங்களுக்கு வாங்கத் தகுதியானவை, பின்னாளில் எல்.ஐ.சி.யும் பெரிய அளவில் வாங்கியது.

தொடக்கத்தில் இந்தக் கடன் லேவாதேவிக்காரரிடம் பட்ட பழைய கடனை அடைக்கவே பெரும்பாலும் பயன்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின் கிணறு வெட்டவும் ஆழப்படுத்தவும், ஆயில் இன்ஜினும் மின்மோட்டாரும் வாங்கவும் திரும்பியது. பெரம்பலூர் போன்று ஆற்றுப் பாசனம் இல்லாத கரிசல் நிலங்களில் கிணறு இருக்கிறதா இல்லையா என்பதே விளைச்சலைத் தீர்மானித்தது. எங்கோ ஒரு நகரத்தில் கட்டிய பிரீமியம், சர்வே எண் குறிப்பிட்ட ஒரு நிலத்தின் அடமானத்தோடு முடிச்சுப் போடப்பட்டு இங்கே வந்து சேர்ந்தது. பணம் எதற்குப் போனது என்பதற்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஆவணம் இருந்தது.

நிலவள வங்கிகளாகவும் பிறகு கூட்டுறவு வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கிகளாகவும் பெயர் மாறிய இந்த அமைப்பு, வாராக்கடனாலும் தள்ளுபடிகளாலும் தளர்ந்தது. பத்திரங்களை வாங்கும் பொறுப்பு மெல்ல நபார்டு வங்கியிடம் போனது. காப்பீட்டுப் பணம் கிராமத்துக்கு நேராக வந்த அந்த வாய்க்கால் ஏறத்தாழ தூர்ந்துவிட்டது. அதன் இடத்தில் வந்தது மாநில வளர்ச்சிக் கடன் என்ற பொதுப் பத்திரம்.

செவ்வாய்க்கிழமை ஏலம்

பெரம்பலூர்க் கிளையில் கட்டப்படும் எல்.ஐ.சி. தவணை, மும்பையிலுள்ள ‘யோகக்ஷேமா’ மைய அலுவலகத்தின் நிதியில் சேர்கிறது. முதலீட்டு முடிவு அங்கேதான். மாநிலங்களின் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளில் மின்னணு ஏலத்தில் விடுகிறது. எத்தனை கோடி, எத்தனை ஆண்டு என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்கும். வாங்குவோர் எவ்வளவு வட்டி கேட்கிறார்கள் என்று எழுதித் தருவார்கள். குறைந்த வட்டி கேட்டவரிலிருந்து தொடங்கி, தேவையான தொகை நிரம்பும் இடத்தில் கோடு விழும். மறுநாள் பணம் மாநில அரசின் கணக்கில் ஏறும். வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

இப்படிக் கடன் திரட்டும் மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. பத்தாண்டுப் பத்திரங்களோடு முப்பது ஆண்டு வரையிலான நீண்ட பத்திரங்களையும் அது வெளியிடுகிறது. அவற்றுக்கு இயல்பான வாடிக்கையாளர்கள் காப்பீட்டு நிறுவனங்களும் ஓய்வூதிய நிதிகளுமே. நாட்டின் மத்திய அரசுப் பத்திரங்களில் சுமார் நான்கில் ஒரு பங்கு காப்பீட்டு நிறுவனங்களிடம் இருக்கிறது.

மாநிலப் பத்திரத்துக்கு மத்திய அரசு உத்தரவாதம் கிடையாது என்பதைப் பலர் அறிவதில்லை. மாநிலம் கடன் வாங்க அரசமைப்புச் சட்டத்தின் 293ஆம் பிரிவின்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும்; ஆனால் ஒப்புதல் உத்தரவாதம் ஆகாது. ஆனாலும் வட்டியும் அசலும் மாநிலத்தின் ரிசர்வ் வங்கிக் கணக்கிலிருந்தே நேராக எடுக்கப்படுவதால், வாங்குவோருக்குத் துணிவு இருக்கிறது. மத்திய அரசுப் பத்திரத்தைவிடச் சற்றுக் கூடுதல் வட்டி கிடைப்பதால், ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் 25 சதவீதத்துக்கு அப்பாலுள்ள இடத்தை இவற்றால் நிரப்ப விரும்புகின்றன.

நில அடமான வங்கியின் பத்திரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. இங்கே திரளும் தொகை மாநிலத்தின் தொகுப்பு நிதியில் கலந்துவிடுகிறது. அதில் எவ்வளவு அரியலூர் மாவட்டத்துச் செந்துறைக்கு வந்தது, எவ்வளவு பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டைக்கு வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. பிரீமியம் திரண்ட மாவட்டத்தில் அதில் ஒரு பங்கை முதலீடு செய்ய வேண்டும் என்ற விதியும் இல்லை. முதலீட்டு ஒழுங்குமுறை ஊர் பார்ப்பதில்லை. அப்படிப் பார்க்கத் தொடங்கினால் பத்திரத்தின் தரத்தைவிட அரசியல் செல்வாக்கே முன்னுக்கு வரும் என்ற அச்சத்துக்கு முந்த்ரா விவகாரமே போதுமான சான்று.

நெடுஞ்சாலை, ரயில், மின்சாரம்

ஆயுள் காப்பீட்டு நிதியில் குறைந்தது 15 சதவீதம் வீட்டுவசதிக்கும் உள்கட்டமைப்புக்கும் போக வேண்டும். இந்த இடத்தில்தான் அரசு நிறுவனங்களின் பத்திரங்கள் கூட்டமாக வருகின்றன. நெடுஞ்சாலை ஆணையம், 1986இல் அமைந்த இந்திய ரயில்வே நிதிக் கழகம், 1969இல் அமைந்த ஊரக மின்மயக் கழகம், பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன், ஹட்கோ ஆகியவை வெளியிடுபவை பெரும்பாலும் அரசு உத்தரவாதம் இல்லாதவை. அரசுக்குச் சொந்தம் என்பதும், மிக உயர்ந்த டிரிபிள் ஏ தரமுமே அவற்றுக்குப் பலம். அமெரிக்காவில் அரசு முகமைப் பத்திரம் என்று வழங்குவதற்கு இந்தியாவில் மிக நெருக்கமான உறவு இவையே.

பெரம்பலூர் வழியாகச் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை போகிறது. அரியலூர் வழியாக விழுப்புரம்–திருச்சி ரயில் பாதை போகிறது. பெரம்பலூர் நகருக்கு இன்றுவரை ரயில் இல்லை. காப்பீட்டு நிறுவனம் ரயில்வே நிதிக் கழகத்தின் பத்திரத்தை வாங்கினால் அந்தப் பணம் பெரும்பாலும் இன்ஜினும் பெட்டியும் வாங்கப் பயன்படும். பெரம்பலூருக்குப் பாதை போடுவதா வேண்டாமா என்பது வேறு மேசையில் முடிவாகிற விஷயம்.

அரசின் நிழல் இருந்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு அடி விழுந்தது 2018இல். உள்கட்டமைப்புக்கு நிதி தரும் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனத்தில் எல்.ஐ.சி.யே மிகப் பெரிய பங்குதாரர், சுமார் 25 சதவீதம். தர மதிப்பீடு டிரிபிள் ஏ. கடலூர் அருகே அனல் மின் நிலையம் நடத்திய துணை நிறுவனமும் அதற்கு இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பரில் தவணைகள் தவறின. தர மதிப்பீடு சில வாரங்களில் அதளபாதாளத்துக்குப் போனது. பொதுத்துறை நிறுவனங்கள் பங்கு வைத்திருப்பதை அரசு உத்தரவாதமாக எடுத்துக்கொண்டவர்கள் ஏமாந்தார்கள். சட்டம் ஒருபோதும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அதே 2018இல் ஆணையம் ஒரு விலக்கும் தந்தது. ஒரு கம்பெனியின் பங்குகளில் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற வரம்பைத் தளர்த்தி, ஐ.டி.பி.ஐ. வங்கியின் 51 சதவீதத்தை எல்.ஐ.சி. வாங்க அனுமதித்தது. வாராக்கடனில் மூழ்கிய ஓர் அரசு வங்கியைத் தூக்கி நிறுத்தும் சுமை இப்படிப் பாலிசிதாரர் நிதிக்கு மாறியது. விதியைவிட விலக்கு எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் ஒழுங்குமுறையின் வலுவை மதிப்பிட வேண்டியிருக்கிறது.

மக்காச்சோளமும் பொதுக் காப்பீடும்

பொதுக் காப்பீட்டுக்கு வரம்பு தாழ்வானது: மத்திய அரசுப் பத்திரம் 20 சதவீதம், மாநில, அங்கீகரிக்கப்பட்ட பத்திரங்களையும் சேர்த்து 30. காரணம் எளிது. ஆயுள் பாலிசி இருபது ஆண்டு ஓடும். பயிர், தீ விபத்துக் காப்பீடுகளில் இழப்பீடு பெரும்பாலும் ஓராண்டுக்குள்ளேயே வாசலில் வந்து நிற்கும். 2018இல் படைப்புழு பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் காடுகளில் இறங்கியது. இப்படி ஒரே பருவத்தில் ஒரு வட்டாரமே இழப்பீடு கேட்கும் நிலை வந்தால், முப்பது ஆண்டுப் பத்திரத்தைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம் அதைச் சந்தையில் கிடைத்த விலைக்கு விற்க நேரும். வட்டி ஏறியிருந்தால் விலை இறங்கியிருக்கும். ஆகவே பயிர்க் காப்பீடு செய்யும் நிறுவனங்களுக்குக் குறுகிய காலப் பத்திரங்களே பொருத்தம்.

பொதுக் காப்பீட்டு விதிகளில் பழைய காலத்தின் எச்சம் ஒன்று இன்னும் இருக்கிறது. வீட்டுவசதிக்கும் தீயணைப்புக் கருவிகள் வாங்கவும் மாநில அரசுகளுக்குத் தரும் கடனை, கட்டாய 15 சதவீத வீட்டுவசதி, உள்கட்டமைப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். தீ விபத்து குறைந்தால் இழப்பீடும் குறையும் என்ற கணக்கு. காப்பீட்டு முதலீடு, காப்பீடு செய்த ஆபத்தையே குறைக்க உதவும் அரிதான ஏற்பாடு அது.

ஓய்வூதிய, குழுக் காப்பீட்டு நிதிகளுக்கு வரம்பு 20, 40 சதவீதம். சந்தையோடு இணைந்த யூலிப் திட்டங்களில் முதலீட்டு ஆபத்து பாலிசிதாரருடையது என்பதால், அரசுப் பத்திரக் கட்டாயம் இல்லை. 75 சதவீதமாவது அங்கீகரிக்கப்பட்ட முதலீடாக இருந்தால் போதும். எந்த வகையானாலும் பாலிசிதாரர் பணத்தை வெளிநாட்டில் முதலீடு செய்யச் சட்டம் அடியோடு தடை விதிக்கிறது.

யாருக்கு லாபம்?

இந்த விதி பாலிசிதாரருக்காகவா, கடன் வாங்கும் அரசுக்காகவா என்ற வாதம் பழையது. வங்கிகள் தம் வைப்புகளில் 18 சதவீதத்தை அரசுப் பத்திரம் போன்றவற்றில் வைக்க வேண்டும். ஆயுள் காப்பீட்டுக்கோ 50. கட்டாய வாடிக்கையாளர் இருக்கும்போது கடன் வாங்குபவருக்கு வட்டி குறையும் என்பது பொருளாதாரத்தின் அரிச்சுவடி. அந்தக் குறைவு போனஸ் விகிதத்தில் வந்து விடியும்.

ஆனால் இந்த வாதம் சொல்லுமளவுக்கு வலுவானது இல்லை. பல ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டாயத்தைவிடக் கூடுதலாகவே அரசுப் பத்திரம் வைத்திருக்கின்றன. முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துத் தர வேண்டிய தொகைக்கு ஈடாக அவ்வளவு நீண்ட, தவறாத வருமானம் தரும் வேறு பத்திரம் இந்தியச் சந்தையில் கிடைப்பது அரிது. மத்திய அரசு 2015இல் நாற்பது ஆண்டுப் பத்திரத்தையும் 2023இல் ஐம்பது ஆண்டுப் பத்திரத்தையும் கொண்டுவந்ததே இந்தத் தேவையைப் பார்த்துத்தான். விதி 40 ஆகக் குறைந்தாலும் நிறுவனங்களின் கணக்கில் பெரிய மாற்றம் வராது என்பதே பொருத்தமான மதிப்பீடு. விதியின் உண்மையான பலம் கெட்ட காலத்தில், அல்லது கெட்ட நிர்வாகத்திடம் தெரியும்.

அரசுப் பத்திரமும் கல்லில் எழுதியது அல்ல. இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 43ஆம் எண் சட்டம் ஆயுள் நிதியில் 30 சதவீதத்தை அரசுப் பத்திரங்களில் வைக்கச் சொல்கிறது. 2022இல் அந்த அரசே கடன் தவணைகளைக் கட்டுவதை நிறுத்தியது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகள் தம் பத்திரங்களைக் குறைந்த பயன் தரும் புதியவற்றுக்கு மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அமெரிக்காவில் 2008 செப்டம்பரில் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற வீட்டுக்கடன் முகமைகளை அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தபோது, அவற்றின் கடன் பத்திரங்கள் முழுதாகத் தேறின; முன்னுரிமைப் பங்குகள் ஏறத்தாழ மதிப்பிழந்தன. ஒரே முகமையின் இரண்டு காகிதங்களுக்கு இரண்டு விதமான முடிவு.

நகராட்சிகளின் நிலை

2(3) பிரிவு மாநகராட்சிப் பத்திரங்களைச் சேர்க்கும்போது மாகாணத் தலைநகரங்களை மட்டுமே குறிப்பிடுகிறது. சென்னை மாநகராட்சி சட்டப்படி வெளியிடும் கடன் பத்திரத்துக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் நகராட்சிகளுக்கு மூடியிருக்கிறது. 1938இன் நகர வரைபடத்தில் நின்றுவிட்ட இந்த வரையறையைத் திருத்துவதற்கு வலுவான காரணம் உண்டு. ஆனால் சிறிய நகராட்சி தனியே பத்திரம் வெளியிடும் அளவுக்கு வருவாய் வைத்திருப்பதில்லை என்பதும் உண்மை.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தமிழ்நாடு 2002இல் ஒரு வழி கண்டது. குடிநீர், துப்புரவுத் தொகுப்பு நிதி என்ற அமைப்பின் மூலம் 13 சிறு, நடுத்தர உள்ளாட்சிகளின் கடன் தேவையை ஒன்றாகத் திரட்டி, 30.41 கோடி ரூபாய்க்குப் பதினைந்து ஆண்டுப் பத்திரம் 9.20 சதவீத வட்டியில் வெளியிடப்பட்டது. அசலில் பாதிக்கு அமெரிக்க வளர்ச்சி முகமை உத்தரவாதம் தந்தது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதல். பாதி உத்தரவாதம், அதுவும் அயல்நாட்டு முகமையுடையது, 2(3) பிரிவைத் தொடாது. உயர்ந்த தர மதிப்பீட்டின் பலத்தில்தான் அது முதலீட்டாளரிடம் போக வேண்டியிருந்தது. மாநில அரசு முழு உத்தரவாதம் தந்திருந்தால் நில அடமான வங்கிப் பத்திரத்தின் இடத்தில் அது நின்றிருக்கும். அரியலூர் போன்ற நகரின் குடிநீர்த் திட்டத்துக்குக் காப்பீட்டுப் பணத்தைப் பெயர் சொல்லிக் கொண்டுவர இன்றைய சட்டத்துக்குள்ளேயே இருக்கும் வழி அதுதான்.

தன் பணம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பார்க்கப் பாலிசிதாரருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் இணையதளத்தில் பொது வெளிப்படுத்தல் படிவங்களை இட வேண்டும். ஆயுள் நிறுவனங்களின் முதலீட்டுச் சொத்துப் படிவத்தில் மத்திய அரசுப் பத்திரம், மாநில மற்றும் அங்கீகரிக்கப்பட்ட பத்திரம், வீட்டுவசதியும் உள்கட்டமைப்பும், இதர முதலீடு ஆகிய தலைப்புகளில் விதி கேட்கும் சதவீதமும் நிறுவனம் வைத்திருக்கும் சதவீதமும் பக்கம் பக்கமாக அச்சாகியிருக்கும். ஆயுள் நிதி, ஓய்வூதிய நிதி, யூலிப் நிதி மூன்றுக்கும் தனித்தனி அட்டவணை. மாநிலப் பத்திரங்களில் தமிழ்நாட்டின் பங்கு எவ்வளவு என்ற வரி அந்தப் படிவத்தில் இல்லை.